நீர்வல்லான் பிளஸ் சாப்பிட்ட நாட்கள்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். சமையலறைக் கூரை ஷீட்டில் மறுபடி ஒழுக்கு. தார் வாங்க வேண்டும். பால் வரவில்லை, ஸ்டெல்லாவுக்குக் கோபம், கடுங்காப்பி.

குளிர் வந்தால் என் தொல்லை இரட்டிப்பு. எழுதக் கூச்சம்தான். யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். அவசரமாக வரும். ஓடிப்போய் நின்றால் வராது. வந்தாலும் சொட்டு. திரும்பி வந்து படுத்தால் மறுபடி அவசரம். புராஸ்டேட் வீக்கம். போன வருஷம் ஸ்கேன் பார்த்து டாக்டரம்மா சொன்னது. புற்று இல்லை, வயதானால் வருவது, மாத்திரை சாப்பிட்டால் அடங்கும் என்றார். பி.பி. இருப்பதால் அளவு பார்த்து எழுதித் தருவதாகவும் சொன்னார். எழுதியும் தந்தார். நான் வாங்கவில்லை. இங்கிலீஷ் மருந்தைத் தொட்டால் சாகும்வரை விடாது, ஆம்பளைத்தனமும் போய்விடும் என்று தொழிற்சாலையில் கூட இருந்தவர் ஒருவர் பயமுறுத்தியிருந்தார்.

அதற்குப் பதில் இந்த ஒரு வருஷத்தில் நான் சாப்பிட்டவை:

நெருஞ்சில் கஷாயம். ராபர்ட்சன்பேட்டை நாட்டு மருந்துக் கடை. நாக்கு கசந்தது. ஏற்கெனவே ஓடுகிறவனுக்கு இன்னும் ஓட்டம்.

பூசணி விதை. வறுத்தால் ருசி. வேறொன்றும் இல்லை. பாதியை அணில் தின்றது.

துபாயிலிருந்து மகன் அனுப்பிய ஏதோ பனம்பழ மாத்திரை. வெளிநாட்டுச் சீசா, அழகான மூடி. ஏப்பம் மட்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட். ஒரு போல்ட் மயிரிழை பிசகினால் திருப்பி அனுப்பியவன். இந்தச் சீசாக்களில் ஒன்றுகூட என் மேஜையைத் தாண்டியிருக்காது. எல்லாவற்றிலும் 'உதவக்கூடும்', 'துணை புரியலாம்'. கூடும், லாம். இப்படி எழுதி ஒரு பாகத்தை வண்டியில் மாட்ட விடுவார்களா.

மாலையில் எட்வின் வந்தான். ஸ்டெல்லாவின் தம்பி. தினம் பெங்களூர் போய்வருகிற செக்யூரிட்டி கம்பெனி சூப்பர்வைசர், மிச்ச நேரத்தில் இந்த வியாபாரம். கையில் மாத்திரைகள் போட்ட பச்சைச் சீசா. 'நீர்வல்லான் பிளஸ்'. நூறு சதம் மூலிகை. சிறுபீளை, நெருஞ்சில், பூசணி விதை, மறுபடி அந்தப் பனம்பழம். பக்க விளைவே கிடையாது என்று மூன்று மொழியில் போட்டிருக்கிறது. எங்கே தயாரித்தது? 'பெங்களூரு' என்று மட்டும். லைசென்ஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிங்கத்தின் படம்.

இதைக் கேட்டால் எட்வினுக்கு முகம் சுருங்குகிறது. "இன்னா மாமா, நீங்க இன்னும் டியூட்டியிலயே கீறீங்க. சாப்ட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

வாங்கி வைத்திருக்கிறேன். நாளை பார்க்கலாம்.

நவ. 6, வியாழன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

நம்ப முடியவில்லை. இரவு முழுக்கத் தூங்கினேன். காலையில் போய் நின்றதும் தடையில்லாமல் வந்தது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி. கதவைத் திறந்து வெளியே வந்தபோது கண் கலங்கிவிட்டது. ஸ்டெல்லா பயந்துபோய் என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கோபமும் வருகிறது. இவ்வளவு சுலபமான ஒன்றை டாக்டர்கள் ஏன் சொல்வதில்லை? படித்த திமிர். மூலிகை என்றாலே மூக்கைச் சுளிப்பது. டாக்டரம்மாவைப் பார்த்தால் நன்றாகக் கேட்க வேண்டும்.

மதியம் ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்புக்குப் போனேன், முனுசாமியைப் பார்க்க. பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். நான் தொழிற்சாலைக்குப் போனேன், அவன் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினான். சுரங்கம் மூடிய பிறகு வாட்ச்மேன், இப்போது சும்மா. அவனுக்கும் இதே தொல்லை. என்னோடு மட்டும்தான் பேசுவான், அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. டாக்டரம்மா அவனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தந்து மாதங்கள் ஆகின்றன. அவனுடைய அண்ணன் புராஸ்டேட் புற்றில் போனவர், அதனால் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றாராம். அடுத்த வாரம் போவதாக இருந்தான்.

சீசாவைக் காட்டினேன். என் அனுபவத்தைச் சொன்னேன். "சாமுவேலு, நீ சொன்னா சரியா இருக்கும். நீதான் எதையும் லேசுல பாஸ் பண்ண மாட்டியே" என்றான்.

எட்வினிடம் சொல்லி அவனுக்கும் ஒரு சீசா.

நவ. 9, ஞாயிறு

மேகமூட்டம். ஆராதனை நீண்டுவிட்டது.

முடிந்ததும் ஆண்கள் ஐக்கியக் கூட்டம். எட்வின் ஏற்கெனவே பாஸ்டரிடம் பேசி வைத்திருக்கிறான், நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். எழுந்து சொன்னேன். என்ன சொன்னேன் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. 'ராத்திரியில் ஓய்வில்லாமல் இருந்த எனக்கு ஓய்வு கிடைத்தது' என்றேன். அந்த உறுப்பின் பெயரோ மூத்திரம் என்ற வார்த்தையோ வாயில் வரவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. ஐம்பது தாண்டிய எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பிறகு ஜெனரேட்டர் ரூம் பின்னால் எட்வினைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொருவராக வந்து, செய்தித்தாளில் சுற்றிய சீசாவோடு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள். சாராயம் வாங்குகிற மாதிரி.

முன்னதாக ஆராதனையின் கடைசிப் பாட்டுக்கு எழுந்தபோது தலை கிர்ரென்றது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். காலையில் சாப்பிடாமல் போனதுதான்.

நவ. 12, புதன்

கட்டுப்போட்ட தலையோடு எழுதுகிறேன்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். தார் வாங்கப் போனேன். கடைக்காரர் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். எழுந்தேன். அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது சுற்றிலும் செருப்புகள், யாரோ கன்னடத்தில் தண்ணீர் தண்ணீர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம். ஆட்டோவில் போட்டு டாக்டரம்மாவின் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள்.

தையல் போட்டார். படுக்கவைத்து பி.பி. பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். நின்றால் பி.பி. கிடுகிடுவென இறங்குகிறது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றார். இல்லை என்றேன். மூலிகை மருந்தில் சேராதே, அந்த எண்ணத்தில்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். சொன்னதோடு நிறுத்தவில்லை. நீங்கள் ஒரு வருஷமாகச் செய்யாததை இந்தச் சீசா சில நாளில் செய்தது என்றும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சீசாவை வரவழைத்துப் படித்தார். ஒரு மாத்திரையின் உறையைப் பிரித்துத் தூளை விரலில் தேய்த்தார். "சார், பூசணி விதையும் நெருஞ்சிலும் ரெண்டு நாள்ல இப்படித் திறந்துவிடாது. வீக்கத்துக்கு அதுங்க பெரிசா எதுவும் செஞ்சு நான் பார்த்ததில்ல. ரெண்டு நாள்ல வேலை செய்யற ஒண்ணு எனக்குத் தெரியும். எழுந்து நின்னா தலை சுத்தறதும் அதனாலதான் வரும். அதைத்தான் உங்களுக்கு எழுதிக் குடுத்தேன்."

என்ன சொல்கிறார் என்று விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. மூலிகைக்குள் யாரோ இங்கிலீஷ் மருந்தைக் கலந்திருக்கிறார்கள் என்கிறார். பெங்களூரில் பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தும் தோழி ஒருவர் இருக்கிறாராம், சில மாத்திரைகளை அவருக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதுவரை நிறுத்தச் சொன்னார்.

வீடு வரும்வரை ஆட்டோவில் திட்டிக்கொண்டே வந்தேன். தன் மருந்து தோற்றதைத் தாங்கவில்லை, அதனால் கட்டுக்கதை. ஸ்டெல்லா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நவ. 16, ஞாயிறு

குளிர். மழை இல்லை. ஆராதனைக்குப் போகவில்லை, தலையில் கட்டு.

நிறுத்தினேன். தலைச்சுற்றல் போய்விட்டது. பழைய தொல்லை அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. சொட்டு, அவசரம், சொட்டு. இரண்டும் ஒரே நேரத்தில் மாறியதைப் பார்த்தால் டாக்டரம்மா சொன்னது பொய்யில்லையோ என்று தோன்றுகிறது. தோன்றுவதே பிடிக்கவில்லை.

எட்வினுக்கு போன். கம்பெனிக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். கம்பெனி என்பது ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் கேள்வி கேட்டவனை நீக்கிவிடுவார்களாம். கேட்டதும் அவனையும் நீக்கிவிட்டார்கள்.

நவ. 20, வியாழன்

பல் தேய்க்கும்போதே போன் வந்தது. டாக்டரம்மா.

கலந்திருக்கிறது. எனக்கு அவர் எழுதிக் கொடுத்த அதே மருந்து. அது மட்டுமில்லை. ஒரே சீசாவிலிருந்து எடுத்த மாத்திரைகளில் ஒன்றில் அளவுக்கு மீறி இருக்கிறது, இன்னொன்றில் கொஞ்சம், வேறொன்றில் சுத்தமாக இல்லை.



கலந்ததைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். திருடனுக்கும் ஒரு தொழில் நேர்மை வேண்டாமா. ஒரு சட்டியில் கொட்டி, கரண்டியால் கிண்டி, அள்ளி அடைத்திருக்கிறான். யார் வாயில் எது போகும் என்று அவனுக்கே தெரியாது. என் தலை பிளந்ததற்குக் காரணம் அன்றைக்கு என் கைக்கு வந்த மாத்திரை. நான் பயந்து ஒதுக்கின மருந்தையே, அளவு தெரியாமல், டாக்டர் இல்லாமல், சிங்கம் படம் போட்டு எனக்கே விற்றிருக்கிறார்கள். நானும் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன். பல் தேய்த்த நுரையை வாயில் வைத்துக்கொண்டு இவ்வளவும் யோசித்தேன்.

மாலை எட்வின் வீடு. நானும் ஸ்டெல்லாவும். விஷயத்தைச் சொன்னோம். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"அதான் மாமா, உள்ள மருந்து இருந்ததாலதானே வேலை செஞ்சிது. நல்லதுதானே?"

கையை ஓங்கிவிட்டேன். ஸ்டெல்லா நடுவில் வந்தாள். தம்பியை அவள் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. சத்தமே போடவில்லை. வாங்கினவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் நீயே சொல்லு, சீசாவைத் திருப்பி வாங்கு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கத்தில் எழுந்து உன் பேரைச் சொல்வேன் என்றாள். எட்வின் தன் அலமாரியிலிருந்து பாதி காலியான ஒரு சீசாவை எடுத்துவந்து வைத்தான். அப்போதுதான் தெரிந்தது, அவனும் அதையே சாப்பிடுகிறான். நாற்பத்தைந்து வயதில். முன்னெச்சரிக்கையாம்.

நவ. 21, வெள்ளி

முனுசாமி. அதை முதலில் செய்திருக்க வேண்டும், நேற்றே.

போன் எடுக்கவில்லை. மதியம் நேரில் போனேன். குழாயடியில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தான். தலைச்சுற்றல் இருக்கிறதா என்றால் இல்லை. அவனுக்கு பி.பி. இல்லை. தொல்லை குறைந்துவிட்டது, சந்தோஷமாக இருக்கிறான். ரத்தப் பரிசோதனைக்குப் போனாயா என்றேன். போகவில்லை.

"எனக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு? உன் மருந்துலதான் சரியாப் பூட்ச்சே."

உன் மருந்து.

உட்கார்ந்து எல்லாம் விளக்கினேன். அது மூத்திர வழியைத் தளர்த்தி விடுகிறதே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாது, டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். கடைசியில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, போன வாரம் கொஞ்சம் ரத்தம் போனது, சூடு என்று நினைத்து மோர் குடித்தேன் என்றான்.

நாளைக் காலை டாக்டரம்மாவிடம். முரண்டு பிடித்தால் தூக்கிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவ. 23, ஞாயிறு

நேற்று முனுசாமி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். முடிவு நாளைக்கு மறுநாள்.

இன்று ஆண்கள் கூட்டத்தில் எழுந்தேன். பாஸ்டர் தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்று காதோரம் சொன்னார். விற்றது தனியாக இல்லையே என்றேன்.

இந்த முறை ஓய்வு கீய்வு என்றெல்லாம் இழுக்கவில்லை. எனக்குப் புராஸ்டேட் வீக்கம், மூத்திரம் சொட்டுச் சொட்டாக வருகிறது, அதைச் சொல்ல வெட்கப்பட்டு டாக்டரை விட்டுவிட்டுச் சீசாவைப் பிடித்தேன், சீசாவுக்குள் டாக்டர் மருந்தையே திருட்டுத்தனமாகப் போட்டிருந்தார்கள், இதோ தையல் என்று புருவத்தைக் காட்டினேன். நமக்கு இருக்கிற வெட்கத்தை நம்பித்தான் அவன் கடை நடத்துகிறான் என்றேன். ரத்தம் போனால், அடைத்துக்கொண்டால், குடும்பத்தில் யாருக்காவது புற்று இருந்தால் மூலிகை, கஷாயம் எதுவும் வேண்டாம், நேராக டாக்டர் என்றேன்.

மின்விசிறிச் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்துவிட்டார். எனக்கு ஆத்திரம். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா.

வாசலில் செருப்பு மாட்டும்போது பியானோ வாசிக்கும் ஐசக் வந்து நின்றார். பிறகு இன்னொருவர். தலை சுற்றுகிறது, அதனால்தானா? திடீரென நிறுத்தலாமா? அந்த டாக்டர் பெண் என்கிறீர்களே, எப்படிச் சொல்வது? கூட்டத்துக்குள் கேட்காதவர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள். வீடு திரும்ப மதியம் தாண்டிவிட்டது. குழம்பு ஆறிப்போய் இருந்தது, ஸ்டெல்லா சுடவைத்துத் தந்தாள்.

எட்வின் வரவில்லை. ஆனால் வீடு வீடாகப் போகிறானாம். ஐசக் சொன்னார்.

நவ. 25, செவ்வாய்

முனு.வின் ரத்தத்தில் புராஸ்டேட் புற்றுக்குப் பார்க்கும் அளவு மிக அதிகம். டாக்டரம்மா உடனே பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். அவன் பெண்டாட்டி குப்பு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். டீயை அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன்.

நானும் மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். சீட்டுப்படி, சிறிய அளவு, பி.பி. மாத்திரையைக் குறைத்து. டாக்டரம்மாவிடம் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பேஷண்டைக் கூப்பிடச் சொன்னார்.

நவ. 29, சனி

பெங்களூர். ஸ்கேன், பிறகு ஊசி வைத்து சதை எடுத்தார்கள். முனு. வெளியே வந்து, நடக்க வெட்கப்பட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் போனோம், நானும் எட்வினும். மொத்தமாக வாங்கி விற்றவன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எட்வின் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். தன் பேரும் மாட்டும் என்று அவனுக்குத் தெரியும். போட்டான். வெளியே வந்து ஒரு பக்கமாக நின்று அழுதான். நான் ஆறுதல் சொல்லவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிச. 8, திங்கள்

பனி. மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில், முனு.வோடு. முடிவு வாங்க.

புற்றுதான். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை, எலும்பில் இல்லை. குணப்படுத்தப் பார்க்கலாம், ஜனவரியில் கதிர் சிகிச்சை ஆரம்பிக்கலாம் என்றார் அங்குள்ள டாக்டர். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். சீசா சீசாவாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்த ஒரு வருஷம் போயிருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் முனு.விடம் சொன்னேன், என்னால்தான் தள்ளிப்போட்டாய் என்று. "ஆமா, உன்னாலதான்" என்றான். பிறகு, "இட்டுக்கினு வந்ததும் நீதான். ட்ரெயினுக்கு நேரமாச்சு, நட."

திரும்பும் ரயில். ஆபீஸ் விட்டு வரும் கூட்டம், கால் வைக்க இடமில்லை. டாய்லெட் கதவில் சாய்ந்து நாலைந்து பேர், காதில் வயர், கையில் போன். முனு. இரண்டு தடவை எழுந்தான், இரண்டு தடவை உட்கார்ந்தான். நான் போய்ச் சொல்லட்டுமா என்றேன். கையமர்த்தினான்.

மூன்றாம் தடவை எழுந்தான். ஷிப்ட் முடிந்து மேலே வரும்போது சுரங்க லிஃப்ட் கேஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், பெட்டி முழுக்கக் கேட்டது.

"கொஞ்சம் வழி வுடுங்கப்பா. எனக்கு புராஸ்டேட்டுல கேன்சரு. அடக்க முடியாது."

காதிலிருந்த வயர்களைக் கழற்றிவிட்டு எல்லாரும் நகர்ந்தார்கள். உள்ளே போனான். ஒருவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், என் வயதிருக்கும், முன்னால் குனிந்து மெல்லக் கேட்டார், எந்த டாக்டர் என்று.